பற்று, வரவு தெரியாதவருக்கான மென்பொருளும் எங்கள் தீர்ப்பும்

சிறுதொழில் நடத்துவோருக்கென உருவான கணக்கு மென்பொருள்களைப் பற்றிக் கணக்காளர்களாகிய நாங்கள் வழங்கும் தீர்ப்புகளில் பாதி நியாயமற்றவை என்பதை ஒரு கணக்காளனாகவே ஒப்புக்கொள்கிறேன். "பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) எங்கே என்றே தெரியவில்லையே" என்பதுதான் எங்கள் முதல் குறை. தெரியக் கூடாது என்றுதானே அதைச் செய்தார்கள்? இன்வாய்ஸ் போட்டுச் சேமிக்கும் உரிமையாளருக்கு, வாடிக்கையாளர் கணக்கு பற்று வைக்கப்படுவதும் விற்பனைக் கணக்கு வரவு வைக்கப்படுவதும் கண்ணில் பட வேண்டியதில்லை. 1494-இல் வெனிஸில் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு பக்கம் பற்றாகவும் மறுபக்கம் வரவாகவும் பதியும் முறை, அடியில் பிசகாமல் ஓடினால் போதும்.

ஆனால் எங்கள் புலம்பலில் மீதிப் பாதி உண்மை. சிறுதொழிலுக்கான கணக்கு மென்பொருளான குவிக்புக்ஸின் தொடக்ககாலப் பதிப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடமே இல்லை என்று கணக்காளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் அந்த வசதி பின்னாளில் சேர்க்கப்பட்டது. காகிதப் பேரேட்டில் தவறை மையால் அடித்துத் திருத்தினாலும் அடித்தது கண்ணுக்குத் தெரியும். முடித்துக் கையெழுத்திட்ட ஆண்டின் இன்வாய்ஸை ஒரே சொடுக்கில் அழிக்க விடும் மென்பொருளிலோ, இந்த ஆண்டின் தொடக்க இருப்பு ஏன் ஒத்துவரவில்லை என்று நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

இதைவிட மோசமானது, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது இடிக்கும் தொகையைத் தானாகவே ஒரு சரிக்கட்டல் கணக்கில் போட்டுவிட முன்வரும் பொத்தான். 540 என்பதை 450 என்று பதிந்திருந்தால் வித்தியாசம் 90. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழைய பழக்கம். அந்தத் துப்பையே பொத்தான் விழுங்கிவிடுகிறது, உரிமையாளரோ கணக்கு சரியாகிவிட்டதென்று நிம்மதியாக உறங்கப் போகிறார்.

எளிமை உண்மையில் சறுக்கும் இடம் வேறு. இன்வாய்ஸுக்கு உரிய பணம் வங்கியில் வந்ததும், வங்கியிலிருந்து மென்பொருளில் இறங்கிய அந்தப் பதிவை உரிமையாளர் மீண்டும் "விற்பனை" என்று வகைப்படுத்துகிறார். வருமானம் இரட்டிப்பாகிறது, பணம் தந்துவிட்ட வாடிக்கையாளர் நிலுவைப் பட்டியலில் அப்படியே நிற்கிறார். இதை உரிமையாளரின் அறியாமை என்று நாங்கள் கடிந்துகொள்வதில் பொருளில்லை. அதே தொகைக்கு நிலுவையில் இன்வாய்ஸ் இருப்பதை அறிந்திருந்தும், "இது அதற்கான பணமா?" என்று முதலில் கேட்காத மென்பொருளின் பிழை அது.

இந்தப் பிழைகளெல்லாம் ஆண்டு முடிவில் எங்கள் மேசைக்கு வருகின்றன. தினமும் பதிபவர் படும் பாடு வருவதில்லை. சோதனைப் பதிவுகள் நான்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உதடு பிதுக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது யாராவது கருத்துக் கேட்டால், முடிந்துபோன ஆண்டின் பதிவு ஒன்றை அழிக்க முயன்று பார்க்கிறேன். பிறகு, வந்த பணத்தை உரிமையாளரையே பதியச் சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்கிறேன். பற்று வரவை நேரடியாக எழுதும் குறிப்பேட்டுப் பதிவுக்கான திரை எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டேன்.