நெருக்கடிக் குழுவில் எத்தனை பேர், என்ன பயிற்சி?

மனநல நெருக்கடி என்று அழைப்பு வந்தால் போலீஸை அனுப்பாதீர்கள், பயிற்சி பெற்ற மனநலக் குழுவை அனுப்புங்கள் என்ற குரல் இப்போது பல நாடுகளில் கேட்கிறது. நல்லது. ஆனால் அந்தக் குழுவில் யார் யார் இருப்பார்கள், எவ்வளவு பயிற்சியோடு வருவார்கள் என்று கேட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி.

முதலில் ஆள் கணக்கு. "24 மணி நேரமும் இருவர் குழு" என்று அறிவிப்பது சுலபம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்த்தால், ஓர் இடத்தை நிரப்பவே நாலு பேருக்கு மேல் வேண்டும். இரண்டு இடத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். லீவு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி நாள் எல்லாம் சேர்த்தால் பத்துப் பேருக்குக் குறையாது. ஆறு பேரை மட்டும் எடுத்துவிட்டு 24 மணி நேரச் சேவை என்று போர்டு மாட்டினால் என்ன ஆகும்? விடிகாலை மூன்று மணிக்கு அழைப்பவர் வீட்டுக்கு, முந்தின ஷிப்டையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் தனியாகப் போய் நிற்பார். அல்லது யாருமே போகமாட்டார்கள்.

இருவர் எதற்கு என்பது அந்த வீட்டு வாசலில் தெரியும். கலங்கிப் போயிருப்பவரிடம் ஒருவர்தான் பேச வேண்டும். இன்னொருவர் வீட்டாரைத் தள்ளி அழைத்துப்போய் விசாரிப்பார்: கடைசியாக எப்போது தூங்கினார், என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினார்? அந்த இருவரில் ஒருவருக்கு உடம்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் மனிதர் உளறுவார், அடிக்கக்கூட வருவார். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றே திடீர்க் குழப்பத்தைக் கொண்டுவரும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்காமல் மனநோய் என்று முடிவுகட்டினால் உயிரே போகலாம். அமெரிக்காவின் யூஜீன் நகரில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் குழு, மருத்துவப் பயிற்சி உள்ள ஒருவரையும் நெருக்கடிப் பணியாளர் ஒருவரையும் ஜோடியாக அனுப்பியது இதனால்தான்.

அப்புறம் பயிற்சி. எங்கே பார்த்தாலும் "40 மணி நேரம்" என்கிறார்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், மனநோயால் அவதிப்பட்ட ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக்கொன்றதற்கு மறுவருடம், 1988இல் பிறந்த திட்டத்தின் கணக்கு அது. தாமாக முன்வந்த போலீஸ்காரர்களுக்கான பயிற்சி. அங்கே அழைப்பை எடுப்பவர்களுக்கும் பயிற்சி உண்டு; போலீஸ் அழைத்துவரும் நோயாளியைத் திருப்பி அனுப்பாமல் ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையும் உண்டு. மற்ற ஊர்கள் பலவற்றில் அதெல்லாம் உதிர்ந்துபோய் 40 மட்டும் மிஞ்சியது. முழுநேர நெருக்கடிக் குழுவுக்கும் அதே ஒரு வார வகுப்பு போதும் என்பதை என்னால் ஏற்கவே முடியாது.

"தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வகுப்பில் எல்லோரும் இதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எதிரே ஒருவர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் நாக்கு எழாது. அது எழ வேண்டுமானால், அனுபவசாலி ஒருவரோடு மாதக்கணக்கில் கூடவே போய்ப் பழகியிருக்க வேண்டும். அந்த அனுபவசாலி சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே புதியவர் பொறுப்பேற்க வேண்டும். மனநோயைத் தானே அனுபவித்து மீண்டவர்களையும் குழுவில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கும் இதே பயிற்சி, முறையான சம்பளம். மலிவாகக் கிடைக்கிறார்கள் என்பதற்காக அவர்களை வைத்துக் காலியிடத்தை நிரப்புவது அநியாயம்.

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பணம் உறுதியாக இல்லையென்றால் எதுவும் நிற்காது. முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிய அந்த கஹூட்ஸ் சேவையே, நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் யூஜீனில் நின்றுபோனது. அதனால் ஆள் எண்ணிக்கையையும் பயிற்சி நேரத்தையும் எழுதும் அதே விதியில், சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து, எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுத வேண்டும்.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு குழு வரப்போகிறது என்றால், திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு மாத இரவு ஷிப்ட் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வோர் இரவுக்கும் இரண்டு பெயர் இருக்கிறதா, ஒருவர் லீவு போட்டால் பதிலுக்கு வருபவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.