மஞ்சூரியா ரயில்: 1905-லேயே ஜப்பான் முழுவதையும் பறித்ததா?

"1905 போரில் ரஷ்யாவைத் தோற்கடித்த ஜப்பான், சீனக் கிழக்கு ரயில்வே முழுவதையும் பிடுங்கிக்கொண்டது" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. பாதிதான் சரி. அந்த ரயில்வே, வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ரஷ்யா போட்ட பாதை.

போரை முடித்த போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தப்படி ஜப்பானுக்குக் கிடைத்தது மஞ்சூரிய நகரமான சாங்சுனுக்குத் தெற்கே போகும் கிளைப்பாதை மட்டுமே. ஹார்பின் வழியாக விளாடிவோஸ்டாக் நோக்கிச் செல்லும் முக்கியப் பாதை ரஷ்யர் கையிலேயே இருந்தது. 1924-இல் சோவியத்தும் சீனாவும் கூட்டு நிர்வாகத்துக்கு ஒப்புக்கொண்டன, பெயருக்குத்தான் கூட்டு. 1929-இல் மஞ்சூரியாவை ஆண்ட சீனத் தளபதி சாங் சுவேலியாங் அதைக் கைப்பற்றப் பார்த்தார். சோவியத் படை உள்ளே புகுந்தது, பழைய நிலையே திரும்பியது.

அப்புறம் 1935-இல்தான் ஜப்பானின் கைப்பாவை அரசான மஞ்சுகுவோவுக்கு சோவியத் அதை விற்றது. விலை 14 கோடி யென். சீனாவை யாரும் கேட்கவில்லை.