ஒய்யை அழித்த கூலி

(குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் சாலையோரம் ஒரு கடை. சீசனுக்கு முன்னால் ஆங்கிலப் பலகை எழுத வந்த பெயிண்டர், எழுத்துக்கு 20 ரூபாய் என்று கூலி பேசியிருக்கிறார்.)

அண்ணாச்சி: தம்பி, ஸ்ட்ராபெர்ரி என்று 10 எழுத்தில் அழகாக எழுதிவிட்டு, கடைசி ஒய்யை எதற்காகத் துணியால் துடைக்கிறாய்? பன்மை வேண்டுமென்றால் பின்னால் ஓர் எஸ் சேர்த்தால் போதாதா?

பெயிண்டர்: போதாது, அண்ணாச்சி. ஒய்க்கு முன்னால் மெய்யெழுத்து நின்றால், ஒய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐ, இ, எஸ் என்று மூன்று எழுத்துகளைப் போட வேண்டும்.

அண்ணாச்சி: ஐ.இ.எஸ்.ஸா? ஒரு பழத்துக்கு எதற்குத் தம்பி கலெக்டர் படிப்பு? சரி, மூன்று எழுத்துக்கு 60 ரூபாய். அழித்த ஒய்க்கு 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 40 தருகிறேன்.

பெயிண்டர்: கழிப்பதா? எழுதியதும் உழைப்பு, அழித்ததும் உழைப்பு. மரம் என்பது மரங்கள் ஆகும்போது மகர மெய் மறைந்து ஙகர மெய் வருகிறதே, அதற்காகத் தமிழ் வாத்தியாரிடம் எதையாவது கழிக்கச் சொன்னீர்களா?

அண்ணாச்சி: அவர் எழுத்துக்குக் கூலி கேட்கவில்லை. அது போகட்டும், இந்த ஒய்யின் மேல் வெள்ளைக்காரனுக்கு அப்படி என்ன பகை?

பெயிண்டர்: பகை இல்லை. முற்காலத்தில் இத்தகைய சொற்களை ஒருமையிலேயே ஐ, இ என்று முடித்தும் எழுதி வந்தார்கள். நாளடைவில் ஒருமை ஒய்யில் நிலைத்துவிட்டது, பன்மை மட்டும் பழைய எழுத்துகளை விடவில்லை.

அண்ணாச்சி: ஒருமை புது வீட்டுக்குப் போய்விட்டது, பன்மை பழைய வாடகை வீட்டைக் காலி செய்ய மறுக்கிறது, அந்த வழக்குக்கு நான் செலவு செய்ய வேண்டும்! அடுத்த வரியில் வர்க்கி இருக்கிறதே, அதற்கும் 60 ரூபாயா?

பெயிண்டர்: அதற்கு 20தான். நீங்கள் கொடுத்த சீட்டில் வர்க்கியின் ஒய்க்கு முன்னால் இ நிற்கிறது. உயிரெழுத்து துணைக்கு இருந்தால் ஒய்யை யாரும் அசைக்க முடியாது. எஸ் மட்டும் சேரும்.

அண்ணாச்சி: அப்படியானால் ஸ்ட்ராபெர்ரியின் ஒய்க்கு முன்னாலும் ஓர் இயைச் செருகிவிடு. இக்கு 20, எஸ்ஸுக்கு 20, ஆக மொத்தம் 40 ரூபாயில் முடிந்துவிடும்.

பெயிண்டர்: சுற்றுலா வரும் பிள்ளைகள் படம் எடுத்துச் சிரிப்பார்கள், அண்ணாச்சி.

அண்ணாச்சி: சிரித்துவிட்டுக் கால் கிலோ வாங்கினால் எனக்கு லாபம்தானே? முகவரியில் நீலகிரிக்கும் எஸ் போட்டிருக்கிறாயே, அது எதற்கு?

பெயிண்டர்: மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரே பன்மைதான். சொல் ஐயில் முடிவதால் அழிப்பு வேலை கிடையாது.

அண்ணாச்சி: மாவட்டமே சிக்கனமாக இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரிக்குத்தான் ஆடம்பரம். கடைசியாக, குரங்கு ஜாக்கிரதை என்று ஆங்கிலத்தில் எழுது. மங்கி ஒருமையாகவே இருக்கட்டும், ஓர் எழுத்தாவது மிச்சமாகும்.

பெயிண்டர்: அதில் ஒய்க்கு முன்னால் இ இருப்பதால் எஸ் மட்டும்தான், அண்ணாச்சி, வெறும் 20 ரூபாய். இந்தச் சாலையில் குரங்கு தனியாக வந்து நீங்கள் பார்த்ததுண்டா? தகரக் கூரையைப் பாருங்கள், நான்கு உட்கார்ந்திருக்கின்றன.

அண்ணாச்சி: ஐயோ, எஸ்ஸைப் போடு தம்பி, பெரிதாகவே போடு! கூலியை மட்டும், வர்க்கிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே, அதனிடம் வாங்கிக்கொள்.