ஒரே ஆய்விதழ், ஐந்து பெயர்கள்

(ஆய்வுக்கூடம். மடிக்கணினியை முறைத்தபடி குமரன். வசந்தி உள்ளே வருகிறாள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்து முடித்தவள். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.)

வசந்தி: என்ன தம்பி, யாராவது திட்டினார்களா?

குமரன்: திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை அக்கா. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை நேற்று திரும்பி வந்தது. ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேற்கோள் பட்டியலில் ஆய்விதழ்ப் பெயர்கள் ஒரே மாதிரி இல்லையாம். சரிசெய்து அனுப்பச் சொல்கிறார்கள்.

வசந்தி: திரும்பி வந்த பிரதியைக் காட்டு. (படிக்கிறாள்) 7ஆவது மேற்கோளில் ‘ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி’. 12இல் ‘ஜே. ஆம். கெம். சொச்.’ 19இல் அதே ஆள், புள்ளி இல்லாமல். 23இல் ‘ஜேக்ஸ்’. 31இல் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்துகிறது. ஏனப்பா, இது ஆய்விதழா, போலீஸ் தேடுகிற ஆளா? இன்னார் என்கிற இன்னார் என்கிற இன்னார்...

குமரன்: ஐந்தையும் ஐந்து தளத்திலிருந்து இறக்கினேன். மேற்கோள் மென்பொருள்தான் இருக்கிறதே, ஜோட்டெரோ பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

வசந்தி: நீ கொடுத்ததை அது பிசகாமல் போட்டிருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்யும்?

குமரன்: அதனால்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வேர்டிலேயே கையால் திருத்தினேன். 84 மேற்கோள். விடிகிற நேரத்தில் முடித்தேன். அப்புறம் ஒரே ஒரு மேற்கோள் புதிதாகச் சேர்த்தேன்...

வசந்தி: ஐயோ.

குமரன்: மொத்தமும் பழையபடி ஆகிவிட்டது அக்கா!

வசந்தி: ஆகாமல்? அந்தப் பட்டியலை ஜோட்டெரோ ஒவ்வொரு தடவையும் தன் நூலகத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுகிறது. நீ கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கு ராத்திரி முழுக்கப் பவுடர் பூசியிருக்கிறாய்.

(குமரன் திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான். பவுடர் அங்கேயும் தேவைதான்.)

வசந்தி: நூலகத்தைத் திற. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு கட்டம் இருக்கிறது பார். ‘பப்ளிகேஷன்’ கட்டத்தில் எப்போதும் முழுப்பெயர். ‘ஜர்னல் ஆப்ர்’ கட்டத்தில் சுருக்கம். எதை எடுப்பது என்பதை நீ தேர்ந்தெடுக்கிற ஸ்டைல், அதாவது மேற்கோள் நடை, பார்த்துக்கொள்ளும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ ஸ்டைல் என்றால் முழுப்பெயர். வேதியியல் ஸ்டைல்கள் பெரும்பாலும் சுருக்கம் கேட்கும். நீ முழுப்பெயர்க் கட்டத்திலேயே ‘ஜேக்ஸ்’ என்று போட்டுவைத்தால் அது யாரிடம் போய் முழுப்பெயர் கேட்கும்?

குமரன்: சுருக்கக் கட்டத்திலும் சிலதுக்குப் போட்டுப் பார்த்தேனே! நானே யோசித்து, அழகாக. ‘ஜர்ன். அமெரி. கெமி. சொசை.’

வசந்தி: குழந்தைக்குச் செல்லப்பெயர் வைக்கிறாயா? இதற்கு ஐஎஸ்ஓ 4 என்று ஒரு தரநிர்ணயமே இருக்கிறது. எந்தச் சொல்லை எப்படி வெட்டுவது என்ற பட்டியலை பாரிஸில் இருக்கும், இதழ்களுக்கு அடையாள எண் தருகிற ஐஎஸ்எஸ்என் முறையின் சர்வதேச மையம் பராமரிக்கிறது. ‘ஜர்னல்’ என்றால் வெறும் ‘ஜே.’தான்.

குமரன்: பாரிஸில் உட்கார்ந்து இதையா செய்கிறார்கள்?

வசந்தி: நீ இங்கே உட்கார்ந்து ராத்திரி என்ன செய்தாய்?

குமரன்: சரி, இது என்ன? ‘ப்ராக் நேட்ல் அகாட் சை யூ எஸ் ஏ’. பேய் ஓட்டுகிற மந்திரம் மாதிரி இருக்கிறது.

வசந்தி: ‘ப்ரொசீடிங்ஸ் ஆஃப் தி நேஷனல் அகாடமி ஆஃப் சயின்சஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’. 13 சொல். அதில் ‘ஆஃப்’பும் ‘தி’யும் மட்டுமே 6. அவற்றைத் தூக்கிவிட்டு மீதியை நறுக்கினால் உன் மந்திரம்.

குமரன்: ஆனால் அக்கா, கட்டத்தில் நான் போட்ட சுருக்கம் எதுவுமே வேர்டில் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் கையால் திருத்த ஆரம்பித்தேன்.

வசந்தி: ஜோட்டெரோவின் டாக்குமெண்ட் ப்ரிஃபரன்ஸசைத் திற. இதோ, மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தின் சுருக்கங்களைப் பயன்படுத்து என்று ஒரு டிக். அது இருக்கிறவரை முழுப்பெயரைப் பார்த்து அதுவே சுருக்கிக்கொள்ளும். உன் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மெட்லைன் புள்ளியும் வைக்காது. நீ கட்டுரை அனுப்பிய ஆய்விதழ் புள்ளி கேட்கிறது. டிக்கை எடு, கட்டத்தில் சரியான சுருக்கத்தைப் போடு.

குமரன்: ஒரே ஒரு டிக்கா?

வசந்தி: ஒரே ஒரு டிக்.

(சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ராத்திரி போனது போனதுதான்.)

குமரன்: ‘நேச்சர்’ என்பதை எப்படிச் சுருக்குவது?

வசந்தி: சுருக்காதே. ஒற்றைச் சொல் பெயரென்றால் அப்படியே விடவேண்டும். நேச்சர், செல், சயின்ஸ் எல்லாம் அப்படித்தான்.

குமரன்: சயின்சும் அப்படியேவா?

வசந்தி: ஏன் முழிக்கிறாய்?

குமரன்: காலையில் எல்லாம் பழையபடி ஆனதும், ‘சயின்ஸ்’ வருகிற இடமெல்லாம் ‘சை.’ என்று ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டேன். 62 இடத்தில் மாற்றியதாகச் சொன்னது.

வசந்தி: உன் பட்டியலில் 20 இடம்கூடத் தேறாதே. முழுச் சொல் மட்டும் என்று டிக் போட்டாயா?

குமரன்: அதற்கும் ஒரு டிக் இருக்கிறதா?

வசந்தி: (கோப்பைத் திறந்து) முன்னுரையிலேயே ‘நியூரோசை.’ என்று நிற்கிறது. இது என்ன, நன்றியுரையில்? ‘இந்த ஆய்வின் கான்சை.யாக விளங்கிய என் வழிகாட்டிக்கு...’

குமரன்: ‘கான்ஷன்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மனசாட்சி.

வசந்தி: ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதற்குள்ளும் ஒரு ‘சயின்ஸ்’ ஒளிந்திருக்கிறது, தம்பி.

குமரன்: மூடித் திறந்துவிட்டேன், அன்டூவும் வேலை செய்யாது. ஜோட்டெரோவில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடும்தானே அக்கா?

வசந்தி: மேற்கோள் பட்டியல் வரும். மனசாட்சி வராது. அதை நீதான் கையால் திருத்தவேண்டும்.