எங்கள் தெருவுக்கு வரப்போகும் பத்துப் பேர்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அந்த ஐந்து படுக்கையறை வீடு கைமாறிவிட்டது. குடியையும் போதை மருந்தையும் விட்டவர்கள் பத்துப் பேர் சேர்ந்து தங்கும் இல்லமாக அதை நடத்த, வாங்கியவர்கள் நகராட்சியிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். டெக்ஸாஸில், எந்தப் பகுதியில் எதை நடத்தலாம் என்ற ஜோனிங் விதி பற்றி இப்படி ஒரு விண்ணப்பம் வந்தால் 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லாருக்கும் நகராட்சி கடிதம் போட வேண்டும். எங்களுக்கும் வந்தது.

அன்று ராத்திரியே நம் ஏரியா தமிழர் வாட்ஸ்அப் குழுவில் எதிர்ப்பு மனு சுற்ற ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால், கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் என் வீட்டில் பொங்கலுக்கு இலை போட்டுச் சாப்பிட்டவர்கள். பிள்ளைகள் விளையாடுகிற தெரு என்றார்கள். வீட்டு விலை விழும் என்றார்கள். நல்ல காரியம்தான், ஆனால் இங்கே வேண்டாம் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று நாலு வரி எழுதினேன், அது சண்டையில் போய் முடிந்தது. அதனால் இங்கே பொறுமையாக எழுதுகிறேன். நீங்களும் கடைசி வரை படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இது ஆஸ்பத்திரி இல்லை. ஊசி, மருந்து, சிகிச்சை எதுவும் அங்கே நடக்காது. சிகிச்சையை எங்கோ முடித்துவிட்டு வந்தவர்கள் வாடகை கொடுத்துத் தங்கும் வீடு. பகலில் வேலைக்குப் போவார்கள். ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். குடித்தது தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். இந்த முறை ஒன்றும் நேற்று முளைத்தது இல்லை. 1975இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில், தாங்கள் தங்கியிருந்த இல்லத்தை மூடப்போகிறார்கள் என்றதும், பால் மலாய் என்பவரும் கூட இருந்தவர்களும் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். அதுதான் முதல் ஆக்ஸ்போர்டு ஹவுஸ். மேலே நிர்வாகி கிடையாது. ஓட்டுப் போட்டு முடிவெடுப்பார்கள், செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள், மறுபடி குடித்தவரை வெளியேற்றுவார்கள். இன்று நாடு முழுக்க அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. எங்கள் தெருவுக்கு வருவது அவர்களுடையது இல்லை, ஆனால் அதே வழிமுறைதான்.

இப்போது என் பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

கும்பகோணம் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தார் அண்ணன். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். 2011இல் எல்லாருமாகச் சேர்ந்து அவரைத் திருச்சியில் ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். முப்பது நாள். திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை போட்டிருந்தது, கண் தெளிந்திருந்தது. பெரியம்மா வாசலில் ஆரத்தி எடுத்தார். லீவில் நானும் ஊரில் இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கு ஒரு காபி. ஆறு மணி ஆனதும் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "உள்ள இருந்தப்ப ஆறு மணிக்கு கேரம் ஆடுவோம்டா. இங்க ஆறு மணிக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்றார்.

யாரிடமும் பதில் இல்லை. அதே தெரு, அதே பட்டறை, அதே கூட்டாளிகள், தெருமுனையில் அதே கடை. ஐந்தாம் நாள் நான் விமானம் ஏறிவிட்டேன். பத்தொன்பதாம் நாள் குடித்தார். அதற்கப்புறம் இன்னும் மூன்று முறை மையத்துக்குப் போய்வந்தார். 2014இல், நாற்பத்தாறு வயதில், கல்லீரல் கெட்டு இறந்துபோனார். அவருக்கு மன உறுதி இல்லை என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தங்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அவரைப் போலவே ஆறு மணியைக் கண்டு பயப்படுகிற நாலு பேர் கூட இருக்கிற ஓர் இடம்.

அந்த நடு இடம் உண்மையிலேயே உதவுமா என்று கேட்கலாம். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் லியோனர்ட் ஜேசனும் அவர் குழுவும் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் ஆக்ஸ்போர்டு ஹவுஸுக்கு, மீதிப்பேர் வழக்கமான பின்தொடர் கவனிப்புக்கு. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கமான வழியில் போனவர்களில் 65 சதவீதம் பேர் மறுபடி பழக்கத்தில் இருந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களில் 31 சதவீதம். சிறைக்குப் போனவர்களும் குறைவு, சம்பாத்தியமும் அதிகம். 2021 முதல் 2023 வரை வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் போதை மருந்து மிகையால் இறந்த நாடு இது. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் எத்தனை குடும்பம் என்று யோசியுங்கள்.

சரி, இந்த விண்ணப்பத்தை முதலில் ஆராயும் ஜோனிங் கமிஷனின் கூட்டம் போன வாரம் நடந்தது, அதற்கு வருகிறேன்.

பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேஜையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. இருபத்தேழு பேர் எதிர்த்துப் பேசினார்கள், ஆதரித்துப் பேசியது ஆறு பேர். எதிர்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் ஆரம்பித்த விதம் ஒன்றுதான்: அவர்கள் மீண்டுவர வேண்டும் என்றுதான் நாங்களும் விரும்புகிறோம், ஆனால்... அப்புறம் போக்குவரத்து, சாக்கடைக் குழாய், பள்ளிப் பேருந்து நிற்கும் இடம் என்று போனது. கடைசியாக ஒரு பையன் எழுந்தான். இருபத்தாறு வயது இருக்கும். மளிகைக் கடைச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தான். எங்கள் தெரு வீட்டை வாங்கியவர்களே பக்கத்து ஊரில் நடத்தும் வீட்டில் தங்கியிருப்பவன். எழுதி எடுத்துவந்த தாள் கையில் நடுங்கியது. தாளைப் பாதியில் மடித்துவிட்டு, இந்த வாரம் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என் முறை, அதனால் சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பச்சை விளக்கு மாறவே இல்லை.

அடுத்த நாள் நான் அந்தப் பையன் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டுத்தான் போனேன், உள்ளே விட்டார்கள். சாயங்காலம் ஆறு மணி. வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துப் போனேன். ஒருவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார், ஒருவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் மேல் வெள்ளைப் பலகையில் பெயர்களும் வேலைகளும்: பாத்திரம், புல் வெட்டுவது, குளியலறை. அடியில் சிவப்பு மையில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டு "100 நாள், ஞாயிறு கேக்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணனுக்குப் பத்தொன்பது நாள்தான் கிடைத்தது. காருக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அந்தப் பலகையைப் பார்த்ததும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2004இல் டாலஸ் பக்கத்து எர்விங்கில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் நாங்கள் ஆறு பேர். ஒரே ரைஸ் குக்கர். ஃபிரிட்ஜில் சமையல் முறை, பாத்திர முறை எழுதி ஒட்டியிருப்போம். உங்களில் பலர் அப்படித்தான் ஆரம்பித்தீர்கள். அதற்கு முன்னால் சென்னையில் பேச்சிலர் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை வீட்டுக்காரர்கள் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள்! "ஃபேமிலிக்குத்தான் விடுவோம்." அதையேதான் இன்று நாம் ஆங்கிலத்தில் டைப் செய்து மனுவாக அனுப்புகிறோம்.

இந்த நாட்டு ஜோனிங் சண்டையின் மையமே அந்த "ஃபேமிலி" என்ற சொல்தான். பல ஊர்களில், ஒரு குடும்பம் வாழும் வீடுகளுக்கான பகுதியில் ரத்த சம்பந்தமோ கல்யாண சம்பந்தமோ இல்லாதவர்கள் இத்தனை பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் ஊரில் ஆறு. சியாட்டிலுக்கு வடக்கே எட்மண்ட்ஸில் ஐந்தாக இருந்தது. அங்கே 1990இல் பத்துப் பன்னிரண்டு பேருக்காக ஓர் ஆக்ஸ்போர்டு ஹவுஸ் திறந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் மேலும் குடியிருந்த ஒருவர் மேலும் நகராட்சி குற்ற நோட்டீஸ் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 மே மாதம் 6க்கு 3 என்று ஊருக்கு எதிராகத் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உடன்பிறந்தவர்கள் பத்துப் பேர், அவர்களுடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தால் இந்த விதி ஒன்றும் செய்யாது. அப்படியென்றால் இது நெரிசலைத் தடுக்கும் விதி இல்லை, குடும்பம் எது என்று வரையறுக்கும் விதி. நெரிசல் விதிக்குச் சட்டம் தரும் விலக்கு இதற்குக் கிடையாது.

எந்தச் சட்டம் என்றால் நியாய வீட்டுவசதிச் சட்டம். 1968இல் வந்தது, 1988இல் உடல், மன ஊனம் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். பழக்கத்தை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்கள் அதில் வருவார்கள். இப்போதும் சட்டவிரோதமாகப் போதை மருந்து எடுப்பவர்கள் வரமாட்டார்கள். நியாயமான விதிவிலக்கு கேட்டால் ஊர் அதை ஆராய்ந்து தர வேண்டும். இது யாரோ போடும் பிச்சை என்று நம் குழுவில் ஒருவர் எழுதினார், அப்படி இல்லை.

இங்கிருந்து தெற்கே போனால் கிளீபர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள 13 பேருக்கு அங்கே ஒரு வீடு திறக்க அனுமதி கேட்டார்கள். கவுன்சில் 3க்கு 1 என்று மறுத்தது. சொன்ன காரணங்களைக் கேளுங்கள். எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளைகள் இவர்களைச் சீண்டலாம் என்றார்கள். அந்தப் பள்ளியிலேயே அதே குறைபாடு உள்ள மாணவர்கள் சுமார் முப்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். 500 வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம் என்றார்கள். அதே இடத்தில் முதியோர் இல்லமோ ஆஸ்பத்திரியோ கட்ட இந்த அனுமதியே தேவையில்லை. அந்த மறுப்பு செல்லாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அக்கம்பக்கத்தாரின் பயமும் வெறுப்பும் மட்டும் காரணமாகாது என்றது. எங்கள் கூட்டத்தில் சாக்கடைக் குழாயைப் பற்றிப் பேசியபோது எனக்கு அந்த 500 வருட வெள்ளம்தான் ஞாபகம் வந்தது.

கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரிடாவில் இன்சூரன்ஸ் பணத்துக்காக இப்படி மீண்டுவருபவர்களை வீடு வீடாக மாற்றி, பிடித்துக்கொடுப்பதற்குக் கமிஷன் வாங்கிய கும்பல்கள் இருந்தன. அரிசோனாவில் பூர்வகுடி மக்களை இழுத்துவந்து அடைத்துவைத்து அரசு மருத்துவக் காப்பீட்டைச் சுரண்டியது 2023இல் வெளிவந்தது. எத்தனை பேர் என்பதிலும் பேச இடம் உண்டு. பக்கத்து பிளேனோவில் இதுபோன்ற ஒரு வீட்டில் எட்டுப் பேர் தங்கத் தடையில்லை, நடத்தியவர்கள் பதினைந்து பேருக்குக் கேட்டார்கள். பதினைந்து ஏன் அவசியம் என்று நிரூபிக்கவில்லை என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர் பக்கம் நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அப்படிக் கேட்போம். யார் நடத்துகிறார்கள், வருமானம் எங்கிருந்து வருகிறது, ஒருவர் மறுபடி குடித்துவிட்டால் அந்த ராத்திரி அவரை எங்கே அனுப்புவார்கள், போதை மருந்து மிகையானால் உயிரைக் காக்கும் நலாக்சோன் மருந்து வீட்டில் இருக்கிறதா, எத்தனை கார் நிற்கும். நான் கேட்டேன். முதல் நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தது. காருக்கு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டே இருப்பேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போவாள். ராத்திரி இரண்டு பெக் போட்டுவிட்டுக் காரை எடுப்பவர்கள் இதே தெருவில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் பரிசோதிப்பதில்லை. பரிசோதனை நடக்கப்போகிற ஒரே வீடு அந்த வீடுதான்.

இன்னொன்று, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். குழுவில் நான் எழுதிய அன்று ராத்திரி ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். அவர் தம்பி வேறு மாநிலத்தில் இப்படி ஒரு வீட்டில் ஏழு மாதமாக இருக்கிறானாம், ஊரில் அம்மாவுக்குக்கூடத் தெரியாதாம். எதிர்ப்பு மனுவில் அவர் கையெழுத்தும் இருந்தது. போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் போட்டேன் என்றார். யார் என்று தயவுசெய்து தேடாதீர்கள்.

கமிஷன் 5க்கு 2 என்று அனுமதிக்குப் பரிந்துரை செய்துவிட்டது. இனி கவுன்சில்தான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த செவ்வாய் சாயங்காலம் ஏழு மணி. பேசுவதற்கு வாசலிலேயே அட்டை நிரப்பிக் கொடுக்கலாம். பேச வேண்டாம், ஆதரவு என்று டிக் செய்தால்கூடப் பதிவாகும். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் வரலாம், என்னோடு சண்டை போட்டவர்களும் வரலாம். என் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, ஆறேகாலுக்குக் கிளம்புகிறேன்.