இத்தாலியில் ஊர் மாறும் நாள்: பெட்டி சொல்கிறபடி கேளுங்கள்

நண்பர்களாகச் சேர்ந்து இத்தாலி போகிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால் ஒரே தப்பு கண்ணில் படும். ரோமில் மூன்று நாள், ஃப்ளாரன்ஸில் இரண்டு, வெனிஸில் இரண்டு என்று கச்சிதமாக இருக்கும். ஊர் மாறும் நாளுக்கு மட்டும் "காலை ரயில்" என்று ரெண்டே வார்த்தை. இல்லாவிட்டால் நேர்மாறாக, ஃப்ளாரன்ஸிலிருந்து வெனிஸ் போகிற வழியில் பீசா கோபுரத்தையும் பார்த்துவிடலாம் என்று எழுதியிருப்பார்கள். பீசா மேற்கே, வெனிஸ் வடகிழக்கே. அது எந்த ஊர் வழி?

ஊர் மாறும் நாளில் முடிவெடுப்பது நீங்கள் இல்லை, உங்கள் பெட்டி. ஐந்து பேர் என்றால் அதில் எது ரொம்ப கனமோ அந்தப் பெட்டி. அதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் அந்த நாளே நல்ல நாளாக அமையும். ஃப்ளாரன்ஸ்–வெனிஸ் நாளை எடுத்துக்கொள்வோம். நேர் ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான். ஆனால் நடுவே பொலோன்யாவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவதே சரி என்பேன். ஒரு நிறுத்தம் போதும். இரண்டாவது நிறுத்தம் என்று யாராவது ஆரம்பித்தால் அவரிடமே எல்லாருடைய பெட்டியையும் கொடுத்துவிடுங்கள்.

டிக்கெட்டை இரண்டாகப் பிரித்து வாங்க வேண்டும். ஃப்ளாரன்ஸ்–பொலோன்யா அதிவேக ரயிலில், பொலோன்யா–வெனிஸ் ரெஜியோனாலே வெலோச்சே எனப்படும் வட்டார ரயிலில். காரணம் இருக்கிறது. அதிவேக ரயிலுக்கு விமான டிக்கெட் மாதிரி முன்கூட்டி வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் கொள்ளை. மலிவான டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். தவறவிட்டால் காசு போச்சு. காலையில் எல்லாரும் ஒரே அறையிலிருந்து கிளம்புவதால் நேரத்துக்குப் போய்விடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பேரை ஒரு நேரத்துக்குக் கட்டி இழுக்க முடியாது. வட்டார ரயிலுக்குத் தூரத்துக்கு ஏற்ற நிலையான கட்டணம், இருக்கை எண் கிடையாது. ஒன்று போனால் அடுத்ததில் ஏறலாம். வெனிஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

வட்டார டிக்கெட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். செயலியில் வாங்கியது என்றால் ஏறுமுன் செக்-இன் அழுத்த வேண்டும். ஒருவர் போனில் ஐந்து டிக்கெட் இருந்தால் ஐந்துக்கும் அழுத்தியாயிற்றா என்று பாருங்கள். ரயில் கிளம்பிய பிறகு ஞாபகம் வந்தால் பரிசோதகர் வரும்வரை உட்கார்ந்திருக்காமல் நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள். அதிவேக ரயிலுக்கு இந்தச் சடங்கு எதுவும் இல்லை. ஆனால் ஃப்ரெச்சாரோஸா டிக்கெட்டை வைத்துக்கொண்டு இத்தாலோவில் ஏறக் கூடாது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, ஒரே தண்டவாளம்.

ஃப்ளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்கு அரை மணி முன்னால் போனால் போதும். புறப்பாட்டுப் பலகையில் பொலோன்யா என்று தேடாதீர்கள், இருக்காது. ரயில் கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் பெயர்தான் பெரிதாக இருக்கும்; மிலான், தூரின், வெனிஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். டிக்கெட்டில் இருக்கும் ரயில் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிளாட்பாரத்துக்கு 'பினாரியோ' என்று பெயர். அந்த எண் பெரும்பாலும் கடைசிப் பத்து இருபது நிமிடத்தில்தான் வரும், அதனால் வரவில்லையே என்று பதற வேண்டாம். 'ரித்தார்தோ' என்ற பத்தியில் எண் வந்தால் அத்தனை நிமிடம் தாமதம். டிக்கெட் இயந்திரத்தருகே உதவ வருகிற அன்பர்களைத் தவிர்த்துவிடுங்கள். இயந்திரத்திலேயே ஆங்கிலம் இருக்கிறது.

ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஃப்ளாரன்ஸ்–பொலோன்யா அதிவேகப் பாதை சுமார் 78 கிலோமீட்டர், அதில் 73 கிலோமீட்டருக்கு மேல் அப்பெனைன் மலைக்குள் சுரங்கம். அந்த முக்கால் மணிக்குள் ஜன்னலில் தெரிவது உங்கள் முகம் மட்டும்தான். பொலோன்யா வழியில் இருக்கும் நிலையம் என்பதால் ரயில் சில நிமிடம்தான் நிற்கும். பத்து நிமிடம் முன்பே பெட்டிகளை இறக்கி வாசல் பக்கம் கொண்டுபோய்விடுங்கள்.

பொலோன்யாவில் அதிவேக ரயில்கள் பெரும்பாலும் 16 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்களில் நிற்கும். அவை பூமிக்கு அடியில், இருபது மீட்டருக்கும் கீழே. நகரும் படி, இன்னொரு நகரும் படி, நடை என்று மேலே வரப் பத்து நிமிடம் ஆகும். மேலே வந்ததும் 'டெபோசிதோ பகாலி' என்ற பலகையைத் தேடி எல்லாப் பெட்டிகளையும் ஒப்படையுங்கள். "ஒருத்தர் பார்த்துக்கட்டும், மத்தவங்க சுத்திட்டு வரட்டும்" என்ற சிக்கனம் நட்பைக் கெடுக்கும்.

நிலையத்தின் வெளிச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று எப்போதும் 10:25 காட்டும். பழுது என்று நினைக்க வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்பு அறையில் வெடித்த குண்டு 85 பேரைக் கொன்ற நேரம் அது. நினைவாக அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். உங்கள் ரயிலுக்கு மணி பார்க்க வேறு கடிகாரம் உண்டு.

அங்கிருந்து வியா தெல்லிந்திபெந்தென்ஸா என்ற நேர்த் தெருவில் இருபது நிமிடம் நடந்தால் பியாட்ஸா மஜோரே என்ற ஊர்ச் சதுக்கம். வழிநெடுகத் தூண் வைத்த திண்ணை நடை, வெயிலும் மழையும் மேலே படாது. அப்படிப்பட்ட நடை ஊர் முழுக்க 62 கிலோமீட்டர். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சாப்பாட்டுக்கு 12:30-க்கே உட்காருங்கள். நிறைய கடைகளில் 2:30-க்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு ஏழரை வரை கதவு திறக்காது. ஸ்பகெத்தி போலோன்யேஸ் கேட்காதீர்கள். இந்த ஊரில் இறைச்சிக் குழம்பு தாலியாதெல்லே என்ற பட்டை நூடுல்ஸுக்குத்தான். வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். சைவர்கள் கவனிக்க: தொர்தெல்லீனியில் உள்ளேயும் இறைச்சி, மிதக்கும் சாறும் இறைச்சி. பெயர் ஒட்டி வரும் தொர்தெல்லோனி வேறு, பெரியது. உள்ளே ரிக்கோத்தா பாலாடைக்கட்டி. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டு வரும். ஆனால் மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் என்ற உறைபொருள் உண்டு, அது ஆகாது என்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான காசு.

மூன்றரைக்கு நிலையம் திரும்பினால் ஆறு மணி வாக்கில் வெனிஸ். பொலோன்யாவில் பிளாட்பார எண்ணுக்குப் பின்னால் எஸ்த், ஓவெஸ்த் என்று ஒட்டியிருந்தால் அது கிழக்கு, மேற்கு முனைகளில் தனியாக இருப்பது. அதே எண்ணுள்ள இன்னொரு பிளாட்பாரத்தில் போய் நிற்காதீர்கள்.

வேலைநிறுத்தம் வந்தால்? 'ஷோப்பெரோ' என்பார்கள், முன்னறிவிப்போடுதான் வரும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது விதி. அன்று பொலோன்யாவை விட்டுவிட்டு ஓடுகிற ரயிலில் நேரே போய்ச் சேருங்கள்.

வெனிஸ் பெயரில் இரண்டு நிலையம். முதலில் வரும் மெஸ்த்ரே நிலப்பகுதி. அங்கே அறை போட்டவர்கள் தவிர மற்றவர்கள் எழுந்திருக்க வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் உப்பங்கழி மேல் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் பாலம், ஜன்னல் சீட்டுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். கடைசி நிலையம் சாந்தா லூச்சியா. படியில் இறங்கினால் எதிரே தண்ணீர்.

இனி பெட்டி மறுபடி அதிகாரம் காட்டும். வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், ஏறக்குறைய எல்லாம் படிக்கட்டு. நாலு சக்கரப் பெட்டி விமான நிலையத் தரைக்குச் செய்தது. கல் பாவிய தெருவில் அந்தக் குட்டிச் சக்கரம் இடுக்கில் மாட்டி அச்சோடு கழன்றுவிடும். பெரிய இரண்டு சக்கரப் பெட்டி தாங்கும். தலைக்கு ஒன்று, ஒரு கையால் இருபது படி தூக்கக்கூடிய எடை, அதற்கு மேல் வேண்டாம். அறை பதிவு செய்யும்போதே வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பக்கத்துப் படகு நிறுத்தம் எது, அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை பாலம்? கதவு எண்ணை நம்பித் தேட முடியாது. எண்கள் தெருவுக்குத் தெரு இல்லாமல் பேட்டை முழுவதுக்கும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஓடும்.

வப்போரெத்தோ என்ற பொதுப் படகுக்கு 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, ஐந்து பேருக்கு 47.50. ஒரு பாலம் தாண்டினால் அறை என்றால் நடந்துவிடுங்கள். இல்லையென்றால் 1-ஆம் எண் படகு, பெருங்கால்வாய் முழுக்க எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும். ஏறுமுன் திசையைப் பாருங்கள்; ஒரே நிறுத்தத்தில் இரண்டு பக்கம் போகிற படகும் வரும். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் கையில் வையுங்கள், அறை கொடுக்குமுன் ஐந்து பேருடையதையும் பதிவு செய்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஊர் வரியும் வாங்குவார்கள், அதற்குச் சில்லறை ரொக்கம் இருந்தால் நல்லது.