கைதட்டினது யார், எழுந்து போனது யார்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வியாசர்பாடியில் எங்கள் படிப்பகத்து மொட்டைமாடியில் ஒரு ஆவணப்படம் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புகைச்சல் அடங்கவில்லை. படத்துக்கு வராதவர்கள்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. அந்த வாய் திறக்காதவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் அமெரிக்க இயக்குநர் மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11'. அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷையும் அவர் நடத்தின ஈராக் போரையும் கிழிக்கிற படம். 2004-இல் வந்தது. இவ்வளவு பழசை ஏன் எடுத்தோம் என்றால், வம்பு வேண்டாம் என்றுதான். 2017-இல் கையால் மலம் அள்ளுகிறவர்கள் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிட விடாமல் போலீஸ் ஊர் ஊராக மறுத்தது நினைவிருக்கும். 2023 ஜனவரியில் மோடி பற்றிய பிபிசி படத்தின் இணைப்புகளை யூடியூபிலும் ட்விட்டரிலும் எடுக்கச் சொல்லி ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. மாடிக்குச் சொந்தக்காரர் வேறு பயந்த சுபாவம். அமெரிக்காக்காரன் சண்டை, ஆறிப்போன சங்கதி, நம்ம ஏரியாவில் எவன் இதுக்குக் கோபப்படப்போகிறான் என்று நினைத்தோம்.

வாடகை புரொஜக்டர், கொடிக்கயிற்றில் கட்டின வெள்ளை வேட்டி, ஒரு குண்டான் சுண்டல். நாற்பது பேர் இருப்பார்கள். படம் இங்கிலீஷ் என்பதால் நான் லேப்டாப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து, அங்கங்கே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பேசின்பிரிட்ஜ் பக்கம் போகிற ரயில் சத்தம் வந்தாலும் நிறுத்தணும். அந்த இடைவெளிகளில்தான் எல்லாம் நடந்தது.

முதலில் சிரிப்பு. 2001 செப்டம்பர் 11 காலையில் புஷ் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார். ரெண்டாவது விமானமும் மோதிவிட்டது என்று காதில் வந்து சொல்கிறார்கள். மனுஷன் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு சுமார் 7 நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். மூர் அதன்மேல் நையாண்டியாகப் பேசிக்கொண்டே போவார். நான் அதைவிட ரெண்டு பங்கு நையாண்டி சேர்த்து மைக்கில் விட்டேன். பசங்க விசில். அந்த விசிலுக்கு நடுவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒன்று சொன்னது: "பாவம்பா, இன்னா பண்றதுன்னே தெரியாம குந்திகினு கீறான்." உடனே நாலு பேர், "ஆயா, கம்முனு இரு." ஆயா கம்மென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து ராத்திரி படுத்திருக்கும்போது உறைத்தது. அந்தக் காட்சியில் முகத்தை உருப்படியாகப் பார்த்தது ஆயா ஒருத்திதான். நாங்கள் எல்லோரும் மூர் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால், என் குரலை.

அடுத்தது காத்தாடி. போருக்கு முந்தின பாக்தாத்தைக் காட்டும்போது ஒரு பையன் காத்தாடி விடுவான். நம்ம ஏரியாவில் காத்தாடியைப் பார்த்தால் சும்மா இருப்பானா? "டீல் உடுறா மாமே!" என்று மாடியே அலறியது. அடுத்து குண்டு விழுகிறது. மாடி அமைதி. மூரின் கணக்கு இங்கே பிசகாமல் வேலை செய்தது. ஆனால் காலேஜில் படிக்கிற ஒரு தங்கச்சி கையைத் தூக்கிக் கேட்டாள்: "அண்ணா, சதாம் உசேன் ஆண்ட ஊர்தானே இது? அவன் பண்ணது பத்தி ஒரு வார்த்தைகூட வரலியே?" கேட்டது நியாயம். படம் வந்த வருஷத்திலேயே பல பேர் மூரிடம் கேட்ட கேள்விதான் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா." அப்புறம் பேசவில்லை. சுண்டல் சாப்பிட்டோம்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் புஷ் எதிர்ப்பாளன், அந்தப் போர் அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள், எடுத்துக்காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வருத்தமெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் மேலே. முதலில் என் மேலே.

படம் ஏழைகளிடம் வருகிற இடத்தில் மாடி நிஜமாகவே ஒன்றிப்போனது. மூரின் சொந்த ஊர் ஃபிளின்ட். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நம்பி வாழ்ந்து, கம்பெனி கைவிட்டதும் காய்ந்துபோன ஊர். "நம்ம பின்னி மில்லு மாதிரி" என்றார் பின்னால் ஒரு பெரியவர். அவர் அப்பா அந்த மில்லில் வேலை பார்த்தவராம். ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிற ரெண்டு பேர் பணக்காரர்கள் போகிற ஷாப்பிங் மால் பக்கம் போகாமல், வசதியில்லாத பசங்க சுற்றுகிற மாலுக்குப் போய்ப் பேச்சுக்கொடுப்பார்கள். ஒரு அக்கா சொன்னார்: "குழு லோன் தரேன்னு நம்ம தெருவுக்கு மட்டும் வரானுங்களே, அத்த மாரி." இதற்கு நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை, தேவைப்படவுமில்லை.

எதிர்வீட்டு மாமா விஷயத்துக்கு வருகிறேன். பட்டாளத்தில் 17 வருஷம் இருந்தவர். ஓட்டு விஷயத்தில் எங்களுக்கு நேர் எதிர். இருந்தும் பத்திரிகை வைக்காமலே வந்து பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்கச் சிப்பாய்கள் டாங்கிக்குள் பாட்டைப் போட்டுக்கொண்டு சுடுவதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிற காட்சி வந்தது. நம்ம பசங்க "த்தூ" என்றார்கள், ஒருத்தன் கெட்ட வார்த்தையில் திட்டினான். மாமா எழுந்தார். சேரை மடக்கி ஓரமாகச் சாய்த்தார். படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். "போச்சு, அண்ணாத்தைக்குக் கடுப்பாயிடுச்சு" என்று ஒருத்தன் சொல்ல, நாலு பேர் கைதட்டினார்கள்.

இந்தக் கைதட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. படத்துக்குத் தட்டினதில்லை, ஒரு ஆள் போனதுக்குத் தட்டினது.

பிரான்சில் நடக்கிற கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு 20 நிமிஷம் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தங்கப் பனை விருதும் கொடுத்தார்கள். டிஸ்னி வெளியிட மாட்டேன் என்று கைகழுவின படம், வெளியான முதல் வாரமே அமெரிக்க வசூலில் முதலிடம். உலகம் முழுக்க 22 கோடி டாலருக்கு மேல் வசூல். ஒரு ஆவணப்படத்துக்கு! அந்த வருஷத் தேர்தலில் புஷ் தோற்கணும் என்பதுதான் தன் ஆசை என்று மூர் ஒளிக்காமல் சொன்னார். படம் வந்தது ஜூனில். நவம்பரில் புஷ் சுமார் 30 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கி மறுபடி ஜெயித்தார். படத்தால்தான் ஜெயித்தார் என்று சொல்ல வரவில்லை, அவ்வளவு எளிசான கணக்கில்லை அது. ஆனால் தியேட்டரில் தட்டின கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்ட கைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் மாடியிலும் அப்படித்தான். எழுந்து போன ஒருத்தர்தான் முடிவு பண்ணாமல் வந்து உட்கார்ந்தவர்.

மாமா வீட்டுக்குப் போகவில்லை. படிக்கட்டு வளைவில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லைலா லிப்ஸ்கோம் வருகிற காட்சியில் அவர் தலை தெரிந்தது. லைலா ஃபிளின்ட் ஊர் அம்மா. தினமும் வாசலில் கொடி கட்டுகிறவர். போராட்டக்காரர்களைக் கண்டாலே ஆகாது என்று முன்பு இருந்தவர். மகன் ஈராக்கில் செத்துப்போகிறான். வெள்ளை மாளிகை முன்னால் போய் நின்று அழும்போது, வழியில் போகிற ஒரு பெண், இதெல்லாம் நாடகம் என்று சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகத்துக்கு நேரே. எங்கள் வாட்ஸ்அப் குழுவே அந்த ஒரு பெண்ணுக்குள் இருக்கிறது, ரெண்டு கட்சியும்.

அந்த இடத்தில் நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். யாரும் விசில் அடிக்கவில்லை. படம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது மாமா பக்கத்தில் வந்தார். "அந்தம்மாவுக்குத் தகவல் எப்படிச் சொன்னாங்கன்னு சொன்னே?"

"போன்லதான் மாமா."

"போன்லயா?" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பவும், "போன்லயா சொன்னானுங்க?" அவ்வளவுதான். புஷ்ஷைப் பற்றியோ மூரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் குழுவில் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நீங்க ஓட்டுப் போடற கட்சியைக் கிழிக்கிற படம் ஒண்ணு இருந்தா, இதே மாடியில போடுவீங்களா?" அவர் படத்துக்கு வராதவர், குசும்புக்குத்தான் கேட்டார். ஆனாலும் என்னிடம் சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் ஆட்கள் 87 பதில் போட்டார்கள். "போடுவோம்" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த மாசம் மைக் அந்தக் காலேஜ் தங்கச்சி கையில். பேசிவிட்டேன். ஆயாவையும் முன்வரிசைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், வருமா தெரியாது.

நேற்று ராத்திரி மாமாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, அந்த அம்மா வர்ற துண்டு மட்டும் இருந்தா அனுப்புப்பா, ஊர்ல என் கூட இருந்த ஆளுங்களுக்குக் காட்டணும்." வெட்டி எடுத்தேன். அனுப்புவதற்கு முன் கீழே நாலு வரி டைப் பண்ணினேன், போர் என்றால் என்ன, யார் லாபம் பார்த்தார்கள் என்று. படித்துப் பார்த்தேன். அழித்துவிட்டு வீடியோவை மட்டும் அனுப்பினேன்.